மாறுகண் அதிர்ஷ்டம் அல்ல: காலம் கடந்தால் பார்வை திரும்பாது

புது தில்லி: மாறுகண் அமைந்த குழந்தையால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை தமிழகத்தில் இன்னும் முற்றாக மறையவில்லை. வளர வளரத் தானே சரியாகிவிடும் என்பது அதைவிடப் பரவலான ஆறுதல். இவ்விரண்டினாலும் வீணாவது காலம். காலம் வீணானால் இழக்கப்படுவது பார்வை.

பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தையின் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பே. மூக்குத்தண்டு அகன்றிருக்கும் குழந்தைக்கு மாறுகண் இருப்பதுபோலத் தோன்றுவதும் உண்டு. ஆனால், நான்கு மாதங்களுக்குப் பிறகும் கண்கள் ஒரே திசையில் நிலைக்கவில்லை என்றால் கண் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

சோம்பேறிக் கண்: இரு கண்களும் இரு வேறு திசைகளை நோக்கும்போது மூளைக்கு இரு வேறு காட்சிகள் வந்து சேர்கின்றன. குழப்பத்தைத் தவிர்க்க, மூளை ஒரு கண்ணின் காட்சியைப் புறக்கணித்துவிடுகிறது. கண்ணில் குறை இல்லாவிட்டாலும், பயன்படாத அந்தக் கண்ணுக்குரிய பார்வைத்திறன் மூளையில் வளர்வதில்லை. இதுவே "சோம்பேறிக் கண்" எனப்படுகிறது. மாறுகண் இல்லாமலும் இது வரும். ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறைபாடு அதிகமாக இருந்தால் போதும். மற்றொரு கண்ணைக் கொண்டு குழந்தை ஓடியாடி விளையாடும். பெற்றோருக்குச் சந்தேகமே எழாது. பிறந்தது முதல் அப்படியே பார்த்துப் பழகிய குழந்தைக்கும் அது குறையாகத் தோன்றாது.

பார்வை வளர்ச்சி பெரும்பாலும் ஏழு, எட்டு வயதுக்குள் நிறைவடைகிறது. அதற்குப் பின் அளிக்கும் சிகிச்சைக்கும் ஓரளவு பலன் உண்டு என ஆய்வுகள் காட்டினாலும், வயது ஏற ஏற வாய்ப்பு குறைகிறது.

சிகிச்சை எளிது: முதலில் தேவையான கண்ணாடி. தூரப்பார்வைக் குறைபாட்டால் கண் உள்நோக்கித் திரும்பும் குழந்தைகள் பலருக்குக் கண்ணாடியே மாறுகண்ணைச் சரிசெய்துவிடுகிறது. அடுத்து, நன்றாகத் தெரியும் கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி, மற்றொரு கண்ணுக்கு வேலை கொடுப்பது. நடுத்தர அளவிலான பாதிப்புக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடுவது 6 மணி நேரத்துக்கு இணையான பலன் தருகிறது என்று 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. கண்ணை மூட மறுக்கும் குழந்தைகளுக்கு அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. கண்ணாடிக்குப் பிறகும் விலகல் நீடித்தால், கண்ணை அசைக்கும் தசைகளை அறுவைச் சிகிச்சையால் சீர்செய்கின்றனர். ஆனால், திருமண வயதில் தோற்றத்துக்காக இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் கண் நேராகுமே தவிர, இழந்த பார்வை திரும்பாது.

மாறுகண் சில வேளைகளில் உயிருக்கே எச்சரிக்கையாகவும் அமைவதுண்டு. கண்மணியில் வெண்மையான ஒளி தெரிவதும், திடீரென மாறுகண் தோன்றுவதும் விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும்.

தலைநகரின் நிலை: 1967-ல் எய்ம்ஸ் வளாகத்தில் தொடங்கப்பட்ட டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் உள்ள நகரம் இது. அம்மைய மருத்துவர்கள் தில்லிப் பள்ளிகளில் 9,884 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு இருந்தது. அவர்களில் உரிய கண்ணாடி அணிந்திருந்தவர்கள் 320 பேர் மட்டுமே. அதாவது, நான்கில் ஒருவர். தலைநகரிலேயே இதுதான் நிலை என்றால், மருத்துவமனைகளின் எண்ணிக்கையால் மட்டும் பயனில்லை. குழந்தையைத் தேடிச் சென்று பரிசோதிப்பதே முக்கியம் என்பது தெளிவாகிறது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: பரிசோதிக்கத் தவறினால் அரசே பொறுப்பு என்பதை உணர்த்தியது தமிழகத்திலிருந்து வந்த வழக்கு. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை, விழித்திரை நோயால் பார்வையை இழந்தது. உரிய நேரத்தில் கண்டறிந்தால் தடுக்கக்கூடிய நோய் அது. தேசிய நுகர்வோர் ஆணையம் ரூ. 5 லட்சம் இழப்பீடு வழங்கியிருந்தது. 2015 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏறத்தாழ ரூ. 1.8 கோடியாக உயர்த்தியது. வழக்கு முடிந்தபோது அக்குழந்தைக்கு வயது 18. எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்பாத பார்வைக்கு, பிறந்த நான்கு வாரங்களுக்குள் செய்யப்படும் ஒரு பரிசோதனையே காப்பு.

திட்டமும் வயதும்: பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-ல் தொடங்கப்பட்டது. அதன் கவனம் நெடுங்காலம் முதியோரின் கண்புரை மீதே இருந்தது. பள்ளிகளில் கண் பரிசோதனை சேர்க்கப்பட்டபோதும் 10 முதல் 14 வயது மாணவர்களே முதன்மை இலக்கு. கிட்டப்பார்வையைக் கண்டறிய அந்த வயது பொருந்தும். சோம்பேறிக் கண்ணுக்கோ காலம் கடந்துவிடும்.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் இக்குறையைப் போக்க வழிவகுத்தது. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு உரிய இத்திட்டத்தில் பிறவிக் கண்புரை, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய், பார்வைக் குறைபாடு ஆகியவை இடம்பெற்றுள்ளன. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும் என்பது விதி.

அங்கன்வாடிக்கு வரும் குழு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பரிசோதிக்கிறதா, குறை கண்ட குழந்தை சிகிச்சையை முடித்ததா என்பனவே மாநில அரசுகளிடமும் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட வேண்டிய கேள்விகள். எத்தனை லட்சம் குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர் என்ற கணக்கு மட்டும் இதற்குப் பதிலாகாது. ஐந்து வயதுக்குள் எத்தனை பேருக்குப் பார்வை மீட்கப்பட்டது என்பதே உண்மையான கணக்கு.