மானியம் வரலையா? முதலில் வெள்ளை அட்டையைப் பாருங்கள்

"அண்ணாச்சி, சோலார் போட்டு ஆறு மாசம் ஆச்சு, மானியம் இன்னும் வரல." தூத்துக்குடியில் இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மின்வாரியத்தின் வெள்ளை அட்டையை வாங்கிப் பார்த்தால் இணைப்பு அப்பா பேரில் இருக்கும். அப்பா காலமாகிப் பத்து வருஷம். மகனோ ஏஜெண்ட் பேச்சை நம்பிப் பணத்தைக் கட்டி, பலகையை மாடியில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் விண்ணப்பத்தைப் பற்றியே யோசித்திருப்பார். மானியம் எப்படி வரும்?

நாம் ஏன் சோலார் போட வேண்டும், புகையைப் பிடிப்பது ஆலைக்காரன் வேலை என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் நம்மூரில் நடந்ததுதான். 2016-ல் இங்குள்ள ஆல்கலி தொழிற்சாலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையை ஒரு ரசாயனக் கரைசலுக்குள் விட்டார்கள். கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். அந்த வாயுவில் சலவைச் சோடா (சோடா ஆஷ்) செய்தார்கள். ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது கணக்கு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் தெர்மல் நகரில் 1,050 மெகாவாட் திறனில் கட்டிய அனல்மின் நிலையம் முழு வீச்சில் ஓடினால் மூன்று நாளில் அதைவிட அதிகம் கக்கிவிடும். உலகெங்கும் இப்படி வெளியேறும் வாயுவில் ஏறத்தாழ கால்பங்கைக் கடல் விழுங்கிப் புளிப்பேறுகிறது. முத்துச்சிப்பியின் ஓடு சுண்ணாம்பு. புளிப்பேறிய நீரில் சிப்பி ஓடு கட்டத் திணறும். ஆகவே நிலக்கரி மின்சாரத்தைக் குறைத்து வாங்குவதும் அறிவியல்தான். மாடியில் 3 கிலோவாட் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 3 டன் கரியமில வாயு மிச்சம்.

இனி மானியத்துக்கு வருவோம். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000, உச்சம் ரூ.78,000. தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு முன்னால் யாருக்கும் முன்பணம் தராதீர்கள். அந்தத் தளத்தின் பட்டியலில் உள்ள விற்பனையாளரையே பிடியுங்கள். பலகைகளும் அவற்றின் செல்களும் இந்தியத் தயாரிப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் மானியம் இல்லை. பொருத்திய பிறகு நெட் மீட்டர், ஆய்வு, அதன்பின் வங்கிக் கணக்கு விவரம். பணம் நேரே உங்கள் கணக்குக்குத்தான் வரும். "எங்க கணக்குக்கு வரும், நாங்க தர்றோம்" என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இணைப்பு இறந்தவர் பேரில் இருந்தால் பெயர் மாற்றம்தான் முதல் வேலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது எடுத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகம் போங்கள். "நாளைக்கு வாங்க" என்று மூன்று நாள் அலைக்கழிப்பது அங்கே பழக்கம். என்ன தாள் குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எழுந்து வராதீர்கள். நெட் மீட்டர் பொருத்த இழுத்தடித்தால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுக் கொடுங்கள். அங்கும் சரிவரவில்லையென்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஏமாற்றியது விற்பனையாளர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: ரூ.5 லட்சம் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, கெடு 2 வருஷம். பில்லும் ஒப்பந்தமும் கையில் வேண்டும். வாட்ஸ்அப் அரட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மறுபடியும் சொல்கிறேன்: முதலில் பதிவு, பிறகுதான் பணம்.

கடைசியாக உப்பு. உப்பளத்தை ஒட்டிய ஒரு வீட்டு மாடியில் சோலார் பலகைத் தாங்கியின் நட்டைத் தொட்டேன். துரு விரலோடு வந்தது. போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாங்கி முழுவதும் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாகவும், நட்டு போல்ட் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பலகையில் வெள்ளைப் பூச்சாக உப்புப் படியும். வெயில் ஏறும் முன் துடைக்க நல்ல தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். போர் தண்ணீர் ஊற்றினால் அது காய்ந்து இன்னொரு உப்புப் பூச்சு. 5 வருஷப் பராமரிப்பு விற்பனையாளர் பொறுப்பு. அவர் தலைகாட்டவில்லையென்றால் பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, அதன் நகலையும் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.