காடு, தோட்டம், வயல் – 12: ஏக்கர் கூடினால் பண்ணையம் கூடுமா?

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் இரண்டு ஏக்கர் வயல் இருந்தால் யோசிக்காமல் பெண் கொடுத்த காலம் ஒன்று உண்டு. மேல்புறத்து மேட்டுக்காட்டுக்காரருக்குப் பத்து ஏக்கர் இருந்தாலும் இரண்டு தடவை விசாரிப்பார்கள். இப்போது அந்தக் கீழ்ப்புறத்துக்காரர்களிலேயே சிலர் வயலைக் கொடுத்துவிட்டு மேட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் தேடுகிறார்கள். விலை வித்தியாசத்தில் நிலம் பெருகுகிறது. ஒரு ஏக்கர் போய் மூன்று ஏக்கர் வருகிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வயல்காரர் எதை விட்டுப் போகிறார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்தது கீழ்பவானித் திட்டம். பவானிசாகரில் புறப்படும் வாய்க்கால் மேட்டின் மட்டத்தை ஒட்டியே வளைந்து வளைந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் அதன் ஆயக்கட்டு. மட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால் என்பதால் தண்ணீர் கீழ்ப்புறம்தான் பாயும், மேல்புறத்துக்கு ஏறாது. ஒரே ஊரில், ஒரே மழையில், வாய்க்காலின் ஒரு பக்கம் மஞ்சளும் நெல்லும், மறுபக்கம் வெள்வேலமரமும் புல்லும் நிற்பது இதனால்தான்.

ஆனால் கீழ்ப்புறத்திலும் எல்லா வருடமும் நெல் கிடையாது. ஆயக்கட்டில் பாதி, அதாவது 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து நன்செய்க்குத் தண்ணீர். மறு பாதிக்கு அதன்பிறகு முறைவைத்துப் புன்செய்க்கு. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று வருடத்துக்கு வருடம் முறை மாறும். இந்த வருடம் நெல் போட்டவர் அடுத்த முறை கடலையோ எள்ளோ போட வேண்டும். இதையெல்லாம் பழகிக்கொண்டவர்களுக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. நடவுக்கும் களைக்கும் வரவேண்டியவர்கள் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் வேலை வந்தபோது கசிவுநீரை நம்பிய கிணறுகள் என்னாவது என்று பெரிய போராட்டமே நடந்தது. வேண்டும் என்றும் ஒரு தரப்பு நின்றது. ஆயக்கட்டுக்காரர் ஒருவர் தன் கணக்கை இப்படிச் சொன்னார்: “வருசத்துல பாதி நாளு தண்ணிக்குக் காத்திருக்கோணும், மீதி நாளு ஆளுக்குக் காத்திருக்கோணும். அங்க மாட்டை உள்ள உட்டுப் படலைச் சாத்துனா அவ்வளவுதானுங்களே?”

படலைச் சாத்தினால் அவ்வளவுதான் என்பது உண்மைதான். அதற்கு முன்னால் ஐம்பது வருடம் யாரோ பாடுபட்டிருக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலம் என்றதும் பலருக்கும் ஊர்ப் பொதுவில் கிடக்கும் புறம்போக்குதான் நினைவுக்கு வரும். கொறங்காடு அந்த வகையல்ல. அது தனியார் பட்டாவில் உள்ள புஞ்சை; காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்திலும் அதை ஒட்டிய கரூர், ஈரோடு பகுதிகளிலும் இருப்பது. மேற்கு மலையின் மழை மறைவுப் பூமி இது. ஆண்டுக்கு சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மண் ஆழமில்லை, செம்மண்ணும் சரளையும், தோண்டினால் சுக்காங்கல்லும். பயிர் வைத்தால் நான்கில் ஒரு வருடம் விளையும் பூமியைப் புல்லுக்கு விட்டுவிட்டு, சுற்றிலும் உயிர்வேலி போட்டு, நடுவில் மரத்தை நிறுத்தி மாட்டை மேயவிடலாம் என்று முடிவு செய்தவர்கள் நிலத்தைச் சரியாகப் படித்தவர்கள்.

கொறங்காட்டுக்கு மூன்று உறுப்பு. முதலாவது கொழுக்கட்டைப் புல். இது தூரில் உயிரை வைத்திருக்கும் புல். கோடையில் வெளுத்துக் காய்ந்து நிற்கும். செத்துப்போய்விட்டது என்றுதான் புதியவர் நினைப்பார். ஒரு மழைக்குத் தூரிலிருந்து துளிர்த்துவிடும். காய்ந்து நிற்கும்போதும் மாடு அதைத் தின்னும் என்பதுதான் முக்கியம். அறுக்காமல், கட்டாமல், போர் போடாமல் காட்டிலேயே இருப்பு நிற்கும் தீவனம் அது. அதனூடே நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் படர்ந்திருந்தால் காடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் பயறுவகைச் செடிகள், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பவை.

இரண்டாவது வெள்வேலமரம். நிழல் தரும், ஆனால் அடியில் புல்லை அழிக்காது. கோடையில் புல் தீரும் நேரம் பார்த்துக் காய் உதிரும். செம்மறிகள் பாதிக் கோடையை அந்தக் காயிலேயே தாண்டிவிடும். (இந்த மரத்துப் பட்டைக்கு வேறொரு புகழும் உண்டு. பட்டைச் சாராயம் காய்ச்சிய தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள்.)

மூன்றாவது கிளுவை வேலி. இதைப் பற்றி மட்டும் ஒரு வாரம் எழுதலாம். கிளுவைப் போத்தை வரிசையாக நட்டு, தழைய விட்டு, கழித்து, இடைவெளியில் மறுபடி போத்து சொருகி, வருடக்கணக்கில் வளர்த்தது. முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டபின் மாடும் வெளியே போகாது, அடுத்தவர் ஆடும் உள்ளே வராது. வறட்சிக்குச் சாகாது, கோடையில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் முள்ளாக நின்று காவல் காக்கும். கொறங்காட்டில் மேய்ப்பாள் இல்லாமல் மாடு வைத்திருக்க முடிவது இந்த வேலியால்தான். காலையில் பால் கறந்துவிட்டு உள்ளே விட்டால் மாலையில் தொழுவத்துக்கு ஓட்டி வரலாம். ஒரு காட்டில் மேயும்போது அடுத்த காடு ஓய்வில் இருக்கும். ஓய்வு கொடுக்காத காட்டில் புல் விதை கட்டாது. விதை கட்டாத காடு சில வருடங்களில் துத்தியும் எருக்கும் முளைத்த பொட்டலாகிவிடும்.

வேலிக்குள் வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் பொறுக்கிச் சேர்த்துப் பெருக்கிய இனம் என்று கால்நடைத் துறை நூல்களே பதிந்திருக்கின்றன. கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும். காளை வளர வளரத் திமிலிலும் கழுத்திலும் கறுப்பு ஏறும். கவலை இறைத்த காலத்திலும் பாரவண்டிக் காலத்திலும் இந்தக் காளைக்கு மாநிலம் கடந்து கிராக்கி. மின்மோட்டாரும் டிராக்டரும் வந்தபின் மதிப்பு சரிந்தது. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டுமாடு என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்ப, பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுத்தாவணியிலும் வெளியூர் முகங்கள் கூடின.

வயலை விற்று வருகிறவர் இந்த உற்சாகத்தில்தான் ஏமாறுகிறார். காங்கேயம் பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிது. அதிலும் கன்றுக்குப் பங்கு உண்டு. நெல் விற்ற பணம் நான்கு மாதத்தில் கைக்கு வந்தது. கிடாரி ஈன்று, காளைக்கன்று வளர்ந்து விலைக்கு நிற்க வருடங்கள் ஆகும். நடுவில் அடுப்பு எரிய வேண்டுமே? அதை எரிய வைப்பது செம்மறி. கொறங்காட்டில் பணம் புரள வைப்பது ஆட்டுக்குட்டிதான் என்பது பழைய காட்டுக்காரர்களுக்குத் தெரியும். மாட்டின் பெருமையைப் பேசுவார்கள், ஆட்டைக் கொண்டு செலவு பார்ப்பார்கள். சந்தையில் மாட்டோடு படம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது ஏக்கர் கணக்கு. மூன்று ஏக்கர் வயலைக் கொடுத்து ஒன்பது ஏக்கர் கொறங்காடு வாங்கியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒன்பது ஏக்கரில் எத்தனை உருப்படி மேயும்? கார்த்திகையில் பார்த்தால் இருபது மேயும்போலத் தோன்றும். சித்திரையில் எத்தனை பிழைக்குமோ அதுதான் சரியான எண்ணிக்கை. கார்த்திகைப் புல்லைப் பார்த்து மாடு பிடித்தவர், மழை தப்பிய வருடம் பங்குனியிலேயே சந்தைக்கு ஓட்டுவார். அந்த வருடம் எல்லாரும் ஓட்டியிருப்பார்கள். விலை வியாபாரி வைப்பதுதான். விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டால் புல்லைத் தூரோடு மேயவிட்டுக் காட்டை இழப்பார். வட்டியைத் தின்று முதலைத் தொடாமல் இருக்கிறவருக்குத்தான் கொறங்காடு.

இன்னொரு தவறும் வயல்காரர்களுக்கே உரியது. சும்மா கிடக்கும் ஒன்பது ஏக்கரைப் பார்த்தால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. போர் போடுவார்கள், உழுவார்கள், தென்னை வைப்பார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன் மேலாக ஓர் உழவு ஓட்டி, சோளமோ கொள்ளோ விதைத்துத் தட்டு எடுப்பது கொறங்காட்டிலும் உண்டு. இறுகிய மண் இளகும், உதிர்ந்த புல்விதை மண்ணுக்குள் போகும். ஆழக் கொழுவை இறக்கி வருடாவருடம் உழுவது வேறு சமாச்சாரம். தூர் பெயர்ந்த கொழுக்கட்டைப் புல்லைத் திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறைப் பொறுமை வேண்டும். ஆயிரம் அடியில் கிடைத்த தண்ணீரை நம்பி வைத்த தென்னை அதுவரை நிற்காது.

ஆகவே கொறங்காடு பார்க்கப் போகிறவர்கள் கோடையில் போங்கள். புல்லுக்கு முன்னால் வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். கிளுவை எத்தனை இடத்தில் செத்திருக்கிறது, அந்த ஓட்டையில் சீமைக்கருவேலம் புகுந்திருக்கிறதா, வேலி எந்தப் பக்கம் யாருக்குப் பாத்தியம், மாடு குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உள்ளே போக வண்டித்தடம் பத்திரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலி போன ஒன்பது ஏக்கரைவிட வேலி உள்ள ஐந்து ஏக்கர் மேல். அண்ணன் தம்பி பாகம் பிரித்து நடுவே கல் நட்ட காடு பெரும்பாலும் வேண்டாம்; ஓய்வு கொடுக்கக் காட்டுக்குக் காடு மாற்ற அதில் இடமிருக்காது.

காகித விஷயம் சுருக்கமாக. இரண்டு பேரும் நிலத்தையே மாற்றிக்கொள்வதாக இருந்தால் இரண்டு கிரயம் தேவையில்லை, பரிவர்த்தனைப் பத்திரம் போதும். இரண்டில் எதன் மதிப்பு கூடுதலோ அதன்மேல் முத்திரைத் தீர்வை. நில உச்சவரம்பு ஐந்து பேர் குடும்பத்துக்குப் 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். மானாவாரிப் புஞ்சையில் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கருக்குச் சாதா ஏக்கர் அதிகம் என்பதால் மேட்டுக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவாகச் சிக்கல் வராது. வருமான வரியில்தான் கவனம் வேண்டும். நெல் விற்ற பணம் விவசாய வருமானம், வரி கிடையாது. நிலத்தில் பயிர்த்தொழில் இல்லாமல் கால்நடை வளர்ப்பது மட்டும் விவசாயம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1957இலேயே சொல்லிவிட்டது. நாலு மாடு பத்து ஆடு வைத்திருப்பவரை யாரும் தேடி வரப்போவதில்லை; பெரிதாகச் செய்ய நினைப்பவர் முன்கூட்டியே ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நகராட்சியை ஒட்டிய வயலை விற்பவரும் அப்படியே.

என் முடிவைக் கேட்டால், ஆடு மாட்டோடு பழகிய குடும்பம், வீட்டில் ஒருவர் காட்டிலேயே இருக்கத் தயார், வேலி உயிரோடு இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் வயலில் பாதியைக் கொடுத்து வாங்கலாம். முழுவதையும் கொடுக்க வேண்டாம். வாய்க்கால் வயல் ஓர் ஏக்கராவது கையில் இருந்தால் மழை தப்பிய வருடத்துக்கு மாட்டுக்குச் சோளத்தட்டும் வைக்கோலும் அங்கிருந்து வரும். மேட்டுக்காட்டையும் வயலையும் சேர்த்துப் பண்ணையம் பார்த்த குடும்பங்கள்தான் இந்த வட்டாரத்தில் தாக்குப்பிடித்திருக்கின்றன. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வயலிலேயே இருந்து, நெல்லுக்குப் பதில் ஆள் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறுவது மேல்.

கடைசியாக, கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு முதலீடாகக் கொறங்காடு வாங்கியிருப்பவர்களுக்கு. கிளுவையைப் பிடுங்கிக் கல்தூணும் கம்பியும் நட்டுப் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். உள்ளே சீமைக்கருவேலம் ஏறிக்கொண்டிருக்கிறது. சோலார் கம்பெனி எப்போது வரும் என்று காத்திருக்கும் வரையிலாவது பக்கத்துக் காட்டுக்காரருக்குப் புல் குத்தகைக்கு விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொள்ளலாம். உழக்கூடாது, வெள்வேலத்தை வெட்டக்கூடாது என்ற இரண்டு வரியை மட்டும் மறக்காமல் சேருங்கள்.