அகவணிச் செயலிழப்பு

அகவணிச் செயலிழப்பு என்பது குருதிக்குழாய்களின் உட்சுவரைப் போர்த்தியுள்ள அகவணிக்கலங்கள், குழாயைத் தேவைக்கேற்ப விரியச் செய்யும் திறனை இழக்கும் நிலையாகும். உடற்பருமனும் நீரிழிவு நோயும் இதன் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். இந்நிலை உயர் குருதியழுத்தத்திற்கும், தமனிகளில் கொழுப்புப் படிவதற்கும் வழிவகுக்கிறது. தொடக்கத்தில் அறிகுறிகள் எவையும் தென்படுவதில்லை.

இயல்பான செயற்பாடு

அகவணி ஒரே ஒரு கல அடுக்கால் ஆனது. குருதியோட்டத்தின் உராய்வு, இன்சுலின் முதலியவற்றால் தூண்டப்படும்போது, இக்கலங்கள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளிமத்தை உருவாக்குகின்றன. இவ்வளிமம் குழாய்ச் சுவரிலுள்ள மழமழப்பான தசையைத் தளர்த்துவதால் குழாய் விரிவடைகிறது. எண்டோதீலின் என்னும் புரதக்கூறு இதற்கு நேர்மாறாகக் குழாயைச் சுருக்குகிறது.

அகவணி அகற்றப்பட்ட தமனி, அசிட்டைல்கோலின் கொடுக்கப்பட்டாலும் விரிவதில்லை என்பதை ராபர்ட் ஃபர்ச்காட் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுகளுக்காக இவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் 1998 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குருதியழுத்தத்துடன் தொடர்பு

குழாயொன்றில் குருதியோட்டத்திற்கு ஏற்படும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை 16 மடங்காகும். எனவே நுண்தமனிகள் சிறிதளவு சுருங்கினாலும் குருதியழுத்தம் உயரக்கூடும். உயர்ந்த அழுத்தம் அகவணியை மேலும் சிதைப்பதால், இவை இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியாகின்றன.

உடற்பருமனின் விளைவுகள்

கொழுப்பிழையம் வெறும் சேமிப்புக் கிடங்கன்று; பல இயக்குநீர்களைச் சுரக்கும் உறுப்புமாகும்.

* லெப்டின் மிகுவதால் பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன.
* கொழுப்புக்கலங்கள் ஆஞ்சியோடென்சினோஜனை உருவாக்குகின்றன. இதிலிருந்து தோன்றும் ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்கி, உடலில் உப்பைத் தேக்குகிறது.
* அகவணியைக் காக்கும் அடிப்போனெக்டின் குறைகிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்கள் பெருகுகின்றன.
* சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பு அதனை அழுத்துவதால் உப்பு வெளியேற்றம் தடைப்படுகிறது.

வயிற்றுப் பகுதிக் கொழுப்பே கூடுதல் தீங்கானது. தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடைச் சுற்றளவை எல்லையாகப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு வரையறுத்துள்ளது.

நீரிழிவின் விளைவுகள்

இன்சுலின் எதிர்ப்பு நிலையில், நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் வழி தடைப்படுகிறது; ஆனால் எண்டோதீலினைத் தூண்டும் வழி தடையின்றி இயங்குகிறது. இதனால் சமநிலை சுருக்கத்தின் பக்கம் சாய்கிறது.

அகவணிக்கலங்களுக்குள் குளுக்கோசு நுழைய இன்சுலின் தேவையில்லை. ஆதலால் குருதியில் சர்க்கரை மிகும்போது கலங்களுக்குள்ளும் மிகுகிறது. அப்போது உருவாகும் சூப்பராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடுடன் வினைபுரிந்து அதைப் பயனற்றதாக்குகிறது. மேலும், குளுக்கோசு கொலாஜன் இழைகளுடன் பிணைந்து குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்துவதால் தமனிகள் விறைப்படைந்து, இதயச் சுருக்க அழுத்தம் உயர்கிறது.

இவற்றின் விளைவாக விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவை பழுதடைவதுடன், மாரடைப்பு, பக்கவாதம், கால்களில் ஆறாப்புண் ஆகியவையும் ஏற்படக்கூடும்.

கண்டறிதலும் தடுப்பும்

மேற்கையில் காற்றுப்பட்டையை ஏறத்தாழ 5 நிமிடங்கள் இறுக்கித் தளர்த்திய பின்னர், தமனி எவ்வளவு விரிகிறது என்பதை மீயொலிக் கருவியால் அளக்கலாம். இம்முறை பெரும்பாலும் ஆய்வுகளிலேயே பயன்படுகிறது.

உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, உப்பைக் குறைத்தல், புகைப்பதைக் கைவிடல் ஆகியவை அகவணியின் செயற்பாட்டை மேம்படுத்தும். ஆஞ்சியோடென்சினின் செயலைத் தடுக்கும் மருந்துகளும் பயன்படுகின்றன. 1998 ஆம் ஆண்டில் வெளியான ஐக்கிய இராச்சிய நீரிழிவு ஆய்வில், குருதியழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய இரண்டாம் வகை நீரிழிவு நோயாளர்களிடம் பக்கவாதம் 44% குறைந்தது. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையுடன் குருதியழுத்தத்தையும் தவறாமல் அளந்துவருதல் இன்றியமையாததாகும்.