கட்டிலருகே நடப்பதைத் தேர்வாளர் பார்ப்பதில்லை

எம்.பி.பி.எஸ். செய்முறைத் தேர்வில் ‘லாங் கேஸ்’ என்றொரு பகுதி உண்டு. மாணவருக்கு ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று மாணவர் தமிழில் கேட்டறிந்து, உடம்பைப் பரிசோதித்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார். பிறகு தேர்வாளர் வருவார். மாணவர் ஒப்பிப்பார், குறுக்குக் கேள்விகள் பறக்கும், மதிப்பெண் விழும். அந்த நோயாளியிடம் மாணவர் எப்படிப் பேசினார் என்பதைத் தேர்வாளர் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டார். இளம் மருத்துவர்களுக்கு நோயாளியிடம் பேசத் தெரியவில்லை என்ற புகாருக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பேசத் தெரிவது என்றால் சிரித்த முகமும் கனிவான சொல்லும் மட்டுமல்ல. நோயைக் கண்டுபிடிப்பதே பேச்சில்தான் தொடங்குகிறது. 1975இல் பிரிட்டனில் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 66 பேருக்கு, அவர்கள் சொன்னதைக் கேட்டே மருத்துவர்கள் வந்த முடிவு இறுதிவரை மாறவில்லை. ஸ்கேன் பெருகிவிட்ட இன்றும், எந்த ஸ்கேன் தேவை என்பதை முடிவு செய்ய அந்தப் பேச்சுதான் வேண்டியிருக்கிறது.

ஆனால் நோயாளியை நாம் பேச விடுகிறோமா? அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். முதலில் சொல்லும் தொந்தரவுதான் முக்கியமானது என்று எந்த நியதியும் இல்லை. முட்டி வலி என்று வந்த பெரியவர், மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்பதைக் கடைசியில்தான் சொல்வார். சிலர் சொல்லாமலே எழுந்து போய்விடுவார்கள்.

ஓ.பி.யில் இவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்பது மருத்துவர்களின் பதில். அதில் நியாயம் இருக்கிறது. 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் ஸ்வீடனில் இருபது நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இந்தியாவின் நிலை வங்கதேசத்துக்கு அருகில்தான். இதற்கு ஹவுஸ் சர்ஜனைக் குற்றம் சொல்ல முடியாது. என்றாலும் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் நோயாளிகளைத் தடுக்காமல் பேச விட்டுப் பார்த்தபோது, அவர்கள் சராசரியாக 92 நொடிகளில் தாமாகவே முடித்துக்கொண்டார்கள். இந்த ஆய்வு 2002இல் வெளியானது. கேட்க ஆரம்பித்தால் ஓயாமல் பேசுவார்கள் என்ற பயம் மிகையானது. ஓ.பி.யில் முடியாவிட்டாலும் வார்டில் முடியும்.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்கலாம் என்பதில் இப்போது சந்தேகமில்லை. கெட்ட செய்தியைச் சொல்வதற்குக்கூட முறை உண்டு. புற்றுநோய் மருத்துவர்கள் சிலர் 2000இல் வகுத்த ‘ஸ்பைக்ஸ்’ முறையில் ஆறு படிகள். தனியிடத்தில் உட்கார வைப்பது, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று அறிவது, எளிய சொற்களில் சொல்வது, அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் தருவது, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து திட்டமிடுவது. நள்ளிரவில், வராந்தாவில், பத்து உறவினர் சூழ, ‘எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்’ என்று நின்றபடியே சொல்லிவிட்டு விலகும் பயிற்சி மருத்துவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கல்நெஞ்சு என்று நான் நம்பவில்லை. எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். ‘புரிஞ்சுதா?’ என்றால் ‘சரிங்க டாக்டர்’ என்றுதான் பதில் வரும். ‘வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

இந்தியாவில் 2019இல் சேர்ந்த மாணவர்கள் முதல், மனப்பாங்கு, அறநெறி, தகவல்தொடர்பு ஆகிய மூன்றையும் சேர்த்து ‘ஏட்காம்’ என்ற பெயரில் பாடத்திட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களுக்காக, தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழியும் சேர்ந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் வகுப்பில் படித்த கனிவை, வார்டில் சீனியர் நோயாளியை அதட்டும் ஒரே காலைப்பொழுது அழித்துவிடும். மாணவர்கள் பாடத்தைவிட ரவுண்ட்ஸில் பார்ப்பதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

மாணவர் நோயாளியோடு பேசுவதை ஆசிரியர் அருகிலிருந்து கவனித்து, அங்கேயே குறைநிறை சொல்லும் ‘மினி செக்ஸ்’ என்ற மதிப்பீட்டு முறை 1990களிலிருந்தே இருக்கிறது. அதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். புதிய கட்டிடமோ கருவியோ தேவையில்லை. மருத்துவப் பல்கலைக்கழகங்கள் இதை வெறும் பரிந்துரையாக விடாமல் இறுதித் தேர்வின் மதிப்பெண்ணோடு சேர்க்க வேண்டும். லாங் கேஸ் நடக்கும்போது தேர்வாளர் தன் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் போட்டுக்கொள்ளட்டும்.