பறையின் முதுகுப் பக்கம்

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர்கள் ஊர்ப் பொங்கலுக்குத் தப்பாட்டக் குழு வந்திருக்கிறது. நேரில் கேட்டபோது நெஞ்சுக்கூடே அதிர்ந்ததாம். கைப்பேசியில் பதிந்ததைப் போட்டுப் பார்த்தால் வெறும் சடசடப்புதான் மிச்சம். "நல்ல மைக் எதுவென்று சொன்னால் வாங்கிவிடுகிறேன்" என்று முடித்திருக்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள், மைக் வாங்குவது கடைசி வேலை. கைப்பேசியின் ஒலிப்பதிவு பேச்சுக்காகச் சரிசெய்யப்பட்டது. பலத்த அடி விழுந்ததும் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் ஒலியலையின் உச்சியை வெட்டித் தள்ளிவிடும். அப்படிப் பதிந்ததை அதே கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டால் தப்பு எனப்படும் பறையின் அடித்தொனி எங்கிருந்து வரும்?

இருந்தாலும் கேட்டுவிட்டார், மைக் எதுவென்று பார்த்துவிடுவோம். பேண்டு செட்டில் கழுத்தில் மாட்டி அடிக்கிற சைடு டிரம்மைப் பார்த்திருப்பீர்கள். அடியில் கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டிய அந்த வாத்தியத்தைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் ஸ்நேர் என்பார்கள். அதைப் பதிவதற்கு உலகம் முழுக்க ஒரே பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்57 என்ற மைக்கை விளிம்புக்கு ஓரிரு அங்குலம் மேலே நிறுத்தி, தோலின் நடுவைப் பார்த்துச் சாய்த்துவிடுவார்கள். 1965இல் வந்த மைக் அது. அமெரிக்க ஜனாதிபதிகளின் மேடையில் பல பத்தாண்டுகளாக நிற்பதும் அதுவேதான். நம்மூர் மைக் செட்காரர் பெட்டியில் கிடக்கிற பந்துத்தலை எஸ்எம்58 அதன் தம்பி. உள்ளே இருக்கும் பொறி ஏறக்குறைய ஒன்றுதான், தலைக்கூடுதான் வேறு. இரண்டுமே டைனமிக் வகை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அசராது. 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக்குகள் குச்சி தோலைத் தொடும் அந்தக் கணத்தை இன்னும் கூர்மையாகப் பிடிக்கும். ஆனால் ஈரத்துக்கும் தூசிக்கும் முகம் சுளிக்கும்.

மைக் எதுவென்பது இவ்வளவுதான். பறையிடம் வந்தால் கதையே வேறு.

வேப்பமரச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஏறத்தாழ 35 செண்டிமீட்டர் அகலம். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் மூங்கிலில் சீவிய நீண்ட சிண்டுக்குச்சி. அது தோலின் மேல் படுக்கையாக விழும். 'டும்' என்பது முன்னதன் வேலை, 'சட்' என்பது பின்னதன் வேலை. மைக்கைத் தோலின் நடுவுக்குக் காட்டினால் தடிமனான அடி கிடைக்கும். விளிம்புக்கு நகர்த்தினால் கிணுகிணுப்பு கூடும். ஸ்நேருக்கு வைப்பதைப்போல ஓரிரு அங்குலத்தில் வைத்தால் குச்சி மைக்கைத்தான் அடிக்கும். ஒரு சாணாவது தள்ளி, வலக்கை வீச்சுக்கு வெளியே, கீழிருந்து மேல் நோக்கி வைப்பது நல்லது.

என்னை மயக்குவது பறையின் முதுகு. அங்கே தோல் கிடையாது, மூடியும் கிடையாது, திறந்த வெளி. தோல் முன்னால் புடைக்கும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். முன்னால் ஒரு மைக், உடம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஒரு குட்டி மைக் என்று வைத்து இரண்டையும் அப்படியே கலந்தால் 'டும்' காணாமல் போய்விடும். சின்ன வயதில் எங்கள் வீட்டு ஊஞ்சலை நானும் அக்காவும் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் தள்ளுவோம். பலகை அப்படியே நின்றுவிடும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுத்தால்தான் அது உத்தரத்தைத் தொடப்போகும். மிக்ஸரில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு பொத்தான் இருக்குமே, அது செய்வது அந்த இழுப்பைத்தான். ஒரு மைக்கின் அலையைத் தலைகீழாக்கிவிடும். அழுத்திப் பாருங்கள், போன 'டும்' திரும்ப வந்து உட்காரும். ஸ்நேருக்கு அடியில் இரண்டாவது மைக் வைப்பவர்களும் இதே பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள்.

மைக்கே இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். திறந்த வெளியில், அடிப்பவரை ஒரே தாளத்தை வாசித்தபடி மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பறையின் முகம் உங்களைப் பார்க்கும்போது அடித்தொனி நிறைந்து வரும். விளிம்பு உங்கள் பக்கம் திரும்பியதும் அது மெலிந்துபோகும், ஏனென்றால் முன்னலையும் பின்னலையும் அங்கே சமமாக வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பறையாட்டத்தில் கலைஞர் சுழலும்போது ஒலியின் நிறம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டம் வேறு, இசை வேறு என்று பிரித்துப் பதிகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. அதாவது ஒரு பறையின் அகலத்தைக் கடக்க அதற்கு ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். முன்பக்கமே இரண்டு மைக் வைத்துக் கலக்கும்போது, ஒன்றைவிட மற்றொன்று அந்த அகல அளவு தள்ளி நின்றால், 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒலி ஓட்டை விழும். காசு கொட்டி மைக் வாங்கிவிட்டுக் குரல் சப்பையாக இருக்கிறதே என்று புலம்புகிறவர்கள் முதலில் ஒரு முழக்கோலை எடுக்கட்டும்.

காய்ச்சுவதைச் சொல்லாமல் விட முடியாது. தோல் ஈரம் குடித்தால் தொய்யும், தொனி இறங்கும். வைக்கோல் தீயில் காட்டி மீண்டும் ஏற்றுவார்கள். ஸ்டூடியோவுக்குள் வைக்கோல் கொளுத்த முடியாதே! வெளியே காய்ச்சி, உள்ளே கொண்டுவந்து, இறங்குவதற்குள் பதிய வேண்டும். மைக்கை அங்கே இங்கே நகர்த்திப் பார்க்கும் பரிசோதனைகளை எல்லாம் வேறொரு பறையை வைத்து முன்னமே முடித்துவிடுங்கள்.

இனி மனசில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மதுரைச் சுற்றுவட்டாரத் திருவிழா மேடைகளில் பாடகருக்கு மைக் உண்டு, நாதஸ்வரத்துக்கு உண்டு, நன்றி சொல்பவருக்கு இரண்டு உண்டு. தப்புக்குக் கேட்டால், "அதுக்கு எதுக்கு மைக்? அதுவே ஊரைக் கூட்டுமே" என்று பதில் வரும். சத்தம் இருந்தால் கவனிப்பு வேண்டாம் என்பது எந்த நியாயம்? சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கியவர்களின் பழைய கணக்கு மைக் ஸ்டாண்டு வரைக்கும் நீள்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் தேவாலய வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மேடை மாறியிருக்கிறது, பதிவு மாறவில்லை. கணினியில் ஆயத்தமாகக் கிடக்கும் பறைத் துணுக்கை ஒட்டிவிட்டு, "பறை சேர்த்திருக்கிறோம்" என்று சொல்வது இன்னும் நடக்கிறது. சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி என்ற தாள வகைகளுக்குள் உள்ள வித்தியாசம் அந்தத் துணுக்கில் எங்கே இருக்கும்?

மேலூர் நண்பருக்கு: மைக் செட்காரரிடம் இருக்கிற எஸ்எம்58ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். அதைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். கூட்டம் கூடுவதற்கு முன்பே, காற்று அடங்கிய நேரத்தில், வேப்பமரத்தடியில் வையுங்கள். ஓடு பதித்த சின்ன அறை வேண்டாம், எதிரொலி கொன்றுவிடும். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். அந்த அடியின் பெயரையும், வாசித்தவர் பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே தொடக்கத்தில் சொல்ல வையுங்கள். அன்றைக்கான சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள்.