சமூகக் கலையும் இளையோரும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கலைஞர் படைக்க, மக்கள் கண்டு துய்ப்பதே கலை என்பது பொதுவான எண்ணம். ஒரு வட்டாரத்து மக்களே தம் வாழ்க்கையைக் கருப்பொருளாகக் கொண்டு, கலைஞரின் வழிகாட்டலில் கூடிப் படைப்பதைச் சமூகக் கலை எனலாம். இதில் கலைஞர் வழிநடத்துநராகவே விளங்குகிறார். மலேசியாவில் இம்முயற்சி இயங்கிய முறையையும், தமிழ்க்கல்விக்கு அது தரும் வாய்ப்பையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாமான் மேடான் திட்டம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, தோட்டத் தொழிலாளர் பலர் நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் வட்டாரத்தில் இந்தியர், மலாய்க்காரர், இந்தோனேசியர் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்தனர். 2001 மார்ச்சில் அங்கு மூண்ட இனமோதலில் ஆறு பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர்.

கிருஷன் ஜித், மரியன் டி குரூஸ் முதலியோர் 1984இல் தொடங்கிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர், இம்மோதலுக்குப் பின் தாமான் மேடான் இளையோருக்கெனச் சமூகக் கலைத் திட்டமொன்றைச் சில ஆண்டுகள் நடத்தியது. ஒரே வட்டாரத்தில் அச்சத்தோடு வாழ்ந்த பல இனத்து இளையோர் கூடிப் பயில ஒரு களம் அமைந்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது. மோதலின் காரணங்களான வறுமையையும் இடநெருக்கடியையும் கலை நீக்கிவிடாது. எனினும், அண்டை வீட்டாரின் வாழ்க்கையைக் கேட்டறியும் பழக்கத்தை அது ஏற்படுத்தக்கூடும்.

ஜேனட் பிள்ளையின் செயல்முறை

இம்மையத்தின் உறுப்பினருள் ஒருவரான ஜேனட் பிள்ளை, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். பினாங்கில் ஆர்ட்ஸ்-எட் என்னும் அமைப்பை நிறுவி, இத்துறைக்கு ஒரு தெளிவான செயல்முறையை வகுத்தார். 2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் ஜோர்ஜ்டவுன் பழைய நகரிலிருந்து குடும்பங்கள் பல வெளியேறின. அவர்களோடு கைத்தொழில்களும் மறையலாயின. அந்நகரில் ‘அனாக்-அனாக் கோத்தா’ என்னும் திட்டத்தின்வழிச் சிறுவர்கள் தெருக்களுக்கே சென்று கற்றனர்.

இத்தகைய செயல்முறையை நான்கு படிகளாகக் காணலாம். முதலில் இளையோர் தம் வட்டாரத்தை நடந்து பார்க்கின்றனர். அடுத்து, மூத்தோரையும் தொழில்புரிவோரையும் நேர்கண்டு செய்திகளைத் திரட்டுகின்றனர். பின்னர் அச்செய்திகளை நாடகம், ஓவியம், வரைபடம் என வடிவமைக்கின்றனர். இறுதியில், படைப்பை அவ்வட்டார மக்கள் முன்னிலையிலேயே வைக்கின்றனர். செய்தி தந்தவரே அவையினராய் அமர்வதால், பிழையும் மிகையும் உடனே தெரிந்துவிடுகின்றன. பண்பாட்டு வரைபடமாக்கம் குறித்து இவர் எழுதிய கைந்நூல் 2013இல் வெளிவந்தது.

தமிழாசிரியர்க்குரிய பங்கு

பிரிக்பீல்ட்ஸ் செங்கற்சூளைகளால் பெயர்பெற்று, இரயில்வே ஊழியர்களால் வளர்ந்த ஊர். அங்கும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் பூக்கடை, நகைக்கடை, துணிக்கடை எனத் தமிழர் தொழில்கள் செறிந்துள்ளன. மாணவர் களஆய்வுக்கு இவை ஏற்றவை.

அவ்வட்டாரங்களில் வாழும் முன்னாள் தோட்டத் தொழிலாளரின் நினைவுகள் தமிழிலேயே உள்ளன. பெரட்டு, லயம், மங்கு, கித்தா, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களுள் ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கைமுறையைச் சுமந்து நிற்கிறது. பொதுமேடையின் தேவை கருதி இந்நினைவுகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் வடிவம்பெறின் செய்தி எஞ்சும், சொல் உதிர்ந்துவிடும். ‘பெரட்டு’ என்பதைத் ‘தொழிலாளர் வருகைப்பதிவு’ எனப் பெயர்த்தால், விடியுமுன் களத்தில் நின்ற கூட்டம் மறைந்துபோகிறது.

எனவே, கேட்டதைக் கேட்டவாறே ஒலிப்பதிவு செய்தல், சொற்களைப் பொருளோடும் வழங்கிய இடத்தோடும் பட்டியலிடல், அவற்றைச் சிறுநாடகமாகவோ கதையாகவோ எழுதுதல் ஆகிய மூன்றும் தமிழாசிரியர் ஏற்கத்தக்க பணிகளாகும். கேட்டல், பேச்சு, எழுத்துத் திறன்கள் இதனால் ஒருங்கே வளரும்.

முடிவுரை

சமூகக் கலையின் பயன் மேடையேறும் படைப்போடு முடிவதில்லை. இளையோர் கேட்டறிந்ததும் மூத்தோர் மதிக்கப்பட்டதுமே அதன் நிலைத்த பயனாகும். தோட்ட வாழ்வை நேரில் அறிந்த தலைமுறை முதுமையடைந்து வருகிறது. கலைஞரும் தமிழாசிரியரும் இணைந்து செயல்பட்டால், அத்தலைமுறையின் அனுபவம் அதன் சொந்த மொழியிலேயே பேரப்பிள்ளைகளைச் சென்றடையும்.