சத்தம் எங்கே போகிறது?

எச்டிஎம்ஐ கேபிளைப் புரொஜெக்டரில் மாட்டியதும் படம் திரையில் விழும். மேசையிலுள்ள ஸ்பீக்கரோ வாயை மூடிக்கொள்ளும். மடுல்சீமைப் பாடசாலையானாலும் கொழும்புக் கந்தோரானாலும் இந்தத் தலைவலி ஒன்றுதான். உடனே எல்லோரும் திரையின் வலது மூலையிலுள்ள ஸ்பீக்கர் ஐகானை அழுத்தி நூறு வரை இழுப்பார்கள். பலன் இருக்காது.

அந்தக் கேபிள் படத்தோடு சத்தத்தையும் சுமப்பது. கணினி பாடத்தான் செய்கிறது, புரொஜெக்டருக்குள். பீலியில் தண்ணீர் வராவிட்டால் பீலியையா திட்டுவோம்? மேலே குழாயை எங்கே திருப்பியிருக்கிறார்கள் என்று பார்க்க ஏறுவோம். விண்டோஸ் 10இல் ஸ்பீக்கர் ஐகானை அழுத்தினால் சத்தம் போகும் கருவியின் பெயர் தெரியும். பக்கத்து அம்புக்குறியைத் தட்டிச் சரியானதைத் தேர்ந்தால் பல நேரம் தொல்லை அங்கேயே தீரும்.

குழப்புவதில் முதல் பரிசு பெருக்கல் குறிக்கு. ஸ்பீக்கரின் அருகே அது வெள்ளையாக இருந்தால் யாரோ சத்தத்தை அடைத்திருக்கிறார்கள். ஒரு தட்டுப் போதும். சிவப்பாக இருந்தால் ஒலிக்கருவியே கணினிக்குத் தெரியவில்லை, அல்லது ஒலிச் சேவை நின்றுவிட்டது. எத்தனை தட்டினாலும் அசையாது.

இந்த ஐகான்களில் பல ஆபீஸ் மேசைக்காரர்களை நினைத்துப் பிறந்தவை. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினி, கோப்புறையையும் கோப்பு அலுமாரியையும் திரைக்குக் கொண்டுவந்தது. சேமிக்கும் ஐகானில் இன்னும் இருக்கும் ஃப்ளாப்பியை சோனி 2011இல் கைவிட்டது. புளூடூத் குறி, ஹரால்ட் என்ற டென்மார்க் அரசனின் பெயரெழுத்துகளைப் பழைய ரூன் வடிவில் பிணைத்தது. லயத்துப் பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்? ஆனால் சத்தத்தைத் திருடுவதில் அந்தக் குறிக்கும் பங்குண்டு: யாருடைய பையிலோ கிடக்கும் இயர்போனுக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

அடுத்து, கணினியின் முதுகு. பச்சைத் துளை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் பிசி 99 வழிகாட்டியில் வகுத்த நிறங்கள் இவை. மைக்குள்ள ஃபோன் இயர்போனின் முனையைப் பாருங்கள்: மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு தொடுமுனைகள். பச்சைத் துளைக்கு மூன்றுதான் தெரியும். ஆகவே சூமில் ஆசிரியரின் குரல் கேட்கும், உங்கள் குரல் போகாது. இரண்டாகப் பிரியும் சிறு கேபிள் வாங்கினால் சரி.

மூடுபனி ஊரில் ஈரத்தால் துளைக்குள் உலோகம் மங்கி, கரகரப்பு வரும். கணினியை அணைத்துவிட்டு முனையைச் செருகிச் சில தடவை திருப்புங்கள். மறுபடி இயக்கிக் கேட்கும்போது கரகரப்பு மாறினால் குற்றம் துளையில். மாறாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் ஒலி டிரைவரை நீக்கி, கணினியை மறுபடி இயக்குங்கள். விண்டோஸ் பெரும்பாலும் தானே புதிதாகப் போட்டுக்கொள்ளும்.